பாலத்தடிக் கயிறு

பிரின்டெக் பண்ணை, நான்ட்வென்
6 பிப்ரவரி 1994

அன்புள்ள அக்கா நெஸ்டாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? இங்கே என் இடது முட்டியைத் தவிர மற்ற எல்லாம் சுகம். மழை வருவது முட்டிக்கு முதல்நாளே தெரிந்துவிடுகிறது. ரேடியோவை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன். ஸ்டான் அத்தான் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒரு ஆளுக்குத்தானே என்று சமைக்காமல் இருந்துவிடாதே.

செருப்புத் தைத்த ரீஸ் நினைவிருக்கிறாரா? ஊரில் பனி கொட்டினாலும் சரி, ஓடையில் மாடு விழுந்தாலும் சரி, தைக்கிற செருப்பை அப்படியே போட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவாரே, அவர்தான். அவர் வீட்டுப் பரணிலிருந்து பிஸ்கட் டப்பா டப்பாவாகப் படங்கள் கிடைத்திருக்கின்றன. மகள் எல்லாவற்றையும் ஊர் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டாள். செப்டம்பரில் கண்காட்சி. நான் கமிட்டிச் செயலாளர், ஏனென்றால் டைப்ரைட்டர் என்னிடம்தான் இருக்கிறது. தலைவி பள்ளிக்கூட டில்வென். அவளை உனக்குத் தெரியாது. நீ போய்ப் பல வருஷம் கழித்து வடக்கேயிருந்து தலைமை ஆசிரியையாக வந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் எங்களை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரிதான் நடத்துகிறாள். படங்களுக்குக் கீழே விளக்கம் எழுதுவது அவள் பொறுப்பு.

கேளேன், ஒரு வேடிக்கை. கயிறு இழுக்கும் போட்டி, ஊர்த் திருவிழா, 1956 என்று ஒரு படம். அதில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் தெரியுமா? நம் அப்பா! திருவிழா என்றாலே சாத்தானின் சந்தை என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட சபை மூப்பர், சேப்பலுக்குப் போடும் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக! சிரித்ததில் தேநீர் மடியில் கொட்டிவிட்டது. நான் அப்போது பட்டாளத்தில், ஜெர்மனியில். ஆகஸ்ட் திருவிழா என்றால் நீயும் கிளம்பிப் போயிருப்பாய். பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

இன்னொன்று. ஞாயிறு பள்ளிப் படம் ஒன்றில் நீ இருக்கிறாய், இரட்டைப் பின்னலுடன். மாட்டலாமா? பெயர் போட்டுத்தான் மாட்டுவோம்.

அன்புடன் தம்பி,
எல்வின்


மோர்வெல், ஆஸ்திரேலியா
27 பிப்ரவரி 1994

தம்பி எல்வினுக்கு,

முட்டிக்குக் கம்பளித் துணி சுற்று. மருந்து என்று சொல்லிக்கொண்டு மதுக்கடைக்குப் போகாதே. எனக்கு ரத்த அழுத்தம், மாத்திரை, வெயில், எல்லாம் வழக்கம்போல. எலுமிச்சை மரம் காய்த்துத் தள்ளுகிறது. பறித்துப் போட ஸ்டான் இல்லை. காரை விற்றுவிட்டேன். ஸ்டான் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பக்கத்தில் நான் உட்கார்ந்து சொல்லவேண்டும். நான் சொல்லாமல் ஒரு திருப்பம் திரும்பாத மனுஷன். அப்படியே பழகிவிட்டு இப்போது காலியான ஸீட்டுக்கு யார் வழி சொல்வது?

என் படம் வேண்டாம், பெயரும் வேண்டாம். எனக்கு ஒரு முழம் கயிறு கட்ட ஆள் இல்லாத ஊரில் என் முகத்தை எதற்குச் சுவரில் மாட்டவேண்டும்?

உனக்கு இது முழுசாகத் தெரியாது, அதனால் ஒரே தடவை எழுதுகிறேன். நம் ஊர்ப் பெண் யார் கல்யாணம் முடிந்து வந்தாலும் பாலத்தடியில் கயிறு கட்டி வண்டியை மறிப்பார்கள். மாப்பிள்ளை சில்லறை வீசினால்தான் கயிறு இறங்கும். நாள் முழுக்கக் குடித்தவன் மகளுக்குக் கட்டினார்கள். வயிற்றில் பிள்ளையோடு மோதிரம் போட்டவளுக்கும் கட்டினார்கள். டவுனில் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்ட நெஸ்டாவுக்கு மட்டும் இல்லை. ஸ்டான் மின்கம்பம் நட வந்த இங்கிலீஷ்காரன், நம் பேச்சும் தெரியாது, எந்தக் கோயில் படியும் மிதித்ததில்லை என்று அப்பாவுக்கு ஆத்திரம். "அந்தக் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்" என்றார். வரவும் இல்லை. மே மாதம், சனிக்கிழமை. பெட்டியை எடுக்க வீட்டுக்கு வந்தால் வீட்டிலும் ஆளில்லை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் எங்கேயோ போய்விட்டார். பெட்டியை நானும் ஸ்டானும்தான் தூக்கினோம்.

அப்புறம் சாகும்வரை வருஷத்துக்கு ஒரு கடிதம். அதில் என்ன? மழை, ஆடு, கீழ் ரோடு. கீழ் ரோட்டைச் செப்பனிட்டார்கள், கீழ் ரோட்டுக்குத் தார் போட்டார்கள் என்று. பெற்ற மகளுக்கு எழுத ரோடுதான் கிடைத்தது.

அவர் திருவிழாவில் கயிறு இழுத்தாரா? சத்தியமாக நம்பமாட்டேன். வேறு யாராவது கறுப்புக் கோட்டாக இருக்கும்.

நெஸ்டா


பிரின்டெக்
20 மார்ச் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன் படத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன், கவலைப்படாதே. ரத்த அழுத்தம் இருக்கும்போது இதையெல்லாம் நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. எனக்கும் வருத்தம்தான். அப்பாவோடு அவர் கடைசிவரை ஒரே மேசையில் சாப்பிட்டேன். உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் உப்பைத் தள்ளு என்பார்.

இங்கே மார்ச்சில் பனி. மேல் ரோடு மூடிவிட்டது. மலையைச் சுற்றிவந்து நம் கொல்லைப் பக்கம் இறங்குமே, அதுதான். இப்போது டவுனுக்குப் போகவேண்டுமானால் கீழ் ரோடும் பாலமும்தான் கதி.

படத்தில் இருப்பது அப்பாதான். சந்தேகமே இல்லை. அந்த மூக்கு இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யாருக்கும் கிடையாது. அவருக்கு எதிர்முனையில் பாலத்தை ஒட்டிய வீட்டுக்காரர் நிற்கிறார், பாலத்து வில் என்று கூப்பிடுவோமே, அவர். ரொட்டிக்கடைக்காரர் மனைவி இருக்கிறாள், இன்னும் பத்துப் பேர். பின்னால் பாலம். கமிட்டியில் நான் கேட்டேன், "திருவிழா மைதானத்துலதானே நடக்கும், பாலத்துல எதுக்கு கயிறு இழுக்கிறாங்க?" என்று.

டில்வென் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "மைதானத்துல தண்ணி நின்னிருக்கும் எல்வின். கயிறு இருக்கு, ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. வேற என்னவா இருக்கும், துணி காயப்போடறாங்களா?"

"எங்க ஊர்ல கல்யாணத்துக்கும்..." என்று ஆரம்பித்தேன்.

"கல்யாணம்னா பொண்ணு எங்கே? மாப்பிள்ளை எங்கே? கார் எங்கே? உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டேன். அவள் ஊர்ப் பக்கம் கயிறு கட்டும் வழக்கமே கிடையாது. ஆனால் அவள் கேட்டதும் நியாயம்தானே. ரீஸ் எடுத்த கல்யாணக் கயிறுப் படங்கள் இன்னும் நாலைந்து இருக்கின்றன. எல்லாவற்றிலும் கார் நடுவில் நிற்கிறது.

அன்புடன்,
எல்வின்


மோர்வெல்
9 ஏப்ரல் 1994

எல்வினுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அந்தப் படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எழுது. பாலத்தடி முள்மரம் பூத்திருக்கிறதா? கயிற்றில் ஏதாவது கட்டியிருக்கிறதா? கயிறு இழுபட்டு விறைப்பாக இருக்கிறதா, தொய்வாக இருக்கிறதா? அப்பாவின் கோட்டில் பூ இருக்கிறதா?

டில்வெனிடம் கேட்காதே. நீயே பார்.

நெஸ்டா


பிரின்டெக்
24 ஏப்ரல் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு சின்னக் கடிதம் உன்னிடமிருந்து வந்ததே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தபால்தலைக்குக் கொடுத்த காசுக்காவது இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

கேட்டபடி பார்த்தேன். முள்மரம் பூத்து வெளுத்துக் கிடக்கிறது. கயிற்றில் கைக்குட்டைகளும் நாடாக்களும் கட்டியிருக்கின்றன. கயிறு நடுவில் தொங்குகிறது. ஒருவராவது காலை ஊன்றி இழுக்கவில்லை. எல்லாரும் ஒரே பக்கம், டவுன் பக்கம், பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மழை தூறுகிறது போலிருக்கிறது, ரொட்டிக்கடைக்காரி தொப்பியின் மேல் செய்தித்தாளைப் பிடித்திருக்கிறாள்.

அப்பாவின் கோட்டில் வெள்ளையாக ஒன்று இருக்கிறது. பூவாகத்தான் தெரிகிறது. டில்வென் அது படத்தில் விழுந்த கறை என்றாள். (கேட்காதே என்றாய். கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.)

முள்மரம் மே மாதம் பூக்கும், திருவிழா ஆகஸ்டில் என்பது எனக்கும் தெரியும் அக்கா. எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் கை நின்றது. டவுனில் ஒரு பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே பார்த்து எழுது.

அன்புடன்,
எல்வின்


பிரின்டெக்
19 ஜூன் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? எட்டு வாரமாகப் பதில் இல்லை. படம் வந்து சேர்ந்ததா? தபாலில் மடங்கிப் போயிருந்தால் சொல், வேறு பிரதி எடுத்து அனுப்புகிறேன். உன் பக்கத்து வீட்டுக்கு டெலிபோன் செய்தேன். நீ தோட்டத்தில் நிற்பதைப் பார்த்ததாகச் சொன்னாள். உயிரோடு இருக்கிறாய், எழுத மட்டும் மனமில்லை. சரி.

இங்கே ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்து முடிந்தது. முட்டியை வைத்துக்கொண்டு நான் வேலி ஓரம் நின்று அதிகாரம் செய்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டு வரி போடு.

எல்வின்


மோர்வெல்
3 ஜூலை 1994
(அஞ்சலட்டை)

எல்வினுக்கு,

படம் வந்தது. மடங்கவில்லை. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. எலுமிச்சையை ஊறுகாய் போட்டேன். முட்டியைப் பார்த்துக்கொள்.

நெஸ்டா


பிரின்டெக்
31 ஜூலை 1994

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அஞ்சலட்டையில் ஊறுகாயைத் தவிர வேறு செய்தி இல்லை.

நீ எழுதமாட்டாய் என்று தெரிந்ததும் நான் படத்தை எடுத்துக்கொண்டு டவுன் முதியோர் இல்லத்துக்குப் போனேன். படத்தில் இருப்பவர்களில் பாலத்து வில் மட்டும்தான் மிச்சம். எண்பத்தெட்டு வயது. கால்தான் போய்விட்டது, நாக்கு அப்படியே இருக்கிறது. படத்தை மடியில் வைத்ததும் சிரித்தார்.

"ரீஸ் பய இதையும் எடுத்துட்டானா! அது உங்க அக்கா கல்யாணத்தன்னிக்குடா. நாங்க யாரும் கட்டறதா இல்லை. மூப்பருக்கே பிடிக்காத கல்யாணம், நாம கட்டினா அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு பேசாம இருந்தோம். மத்தியானம் பாத்தா உங்கப்பாவே வர்றாரு. தோள்ல புல் வண்டிக் கயிறு. கோட்டுல பூ. 'வில், ஒரு முனையப் பிடி'ன்னாரு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? 'என்ன மூப்பரே, கல்யாணத்துக்கு வரமாட்டேன்னீங்களே'ன்னேன். 'கல்யாணத்துக்குத்தான் வரமாட்டேன்னேன், ரோட்டுக்கு வரமாட்டேன்னா சொன்னேன்'னாரு!"

நான் சிரித்தேன் அக்கா. அப்புறம் சிரிக்க முடியவில்லை.

"அவரே வந்துட்டாரேன்னு வீடு வீடா ஆள் இறங்கிச்சு. பொம்பளைங்க கைக்குட்டையெல்லாம் கட்டினாங்க. நின்னோம், நின்னோம், மழையும் வந்துச்சு. கார் வரலை. ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. கடைசியில நானும் அவரும்தான். 'பால் கறக்க நேரமாச்சு வில்'னு கயிற சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாரு. போய்ப் பாத்தா வீட்ல உங்க அக்கா பெட்டி இல்லை. கொல்லை வாசல்ல டயர் தடம். மறுநாள் சேப்பல் வாசல்ல என்கிட்ட சொன்னாரு. 'மேல் ரோட்டுல வந்து போயிட்டா, வில். நான் நிக்கிறது தெரிஞ்சுதான் போயிருப்பா. யாரும் இதைப் பேசவேணாம்.' அவர் சொன்னா சொன்னதுதானே. நாங்க பேசலை."

"என்கிட்டகூடவா சொல்லக்கூடாது?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"நீ கேக்கவே இல்லையேடா," என்றார்.

பட்டாளத்திலிருந்து திரும்பி அப்பா கூடவே பதினாலு வருஷம் இருந்தேன். அந்தக் கயிற்றில்தான் புல் வண்டி கட்டினேன். கேட்கவேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அத்தான் வெளியூர்க்காரர். ரோடு பிரிகிற இடத்தில் தெரியாமல் மேலே திருப்பியிருப்பார். யார் மேலும் குற்றம் இல்லை. இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

அன்புடன்,
எல்வின்


பிரின்டெக்
2 அக்டோபர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. நான் எழுதியது தப்போ என்று நினைக்காத நாள் இல்லை. உடம்பு நன்றாக இருந்தால் போதும், பதில் மெதுவாக வரட்டும். முட்டியைப் பற்றிக் கேட்டால், ஊன்றுகோல் வாங்கிவிட்டேன்.

கண்காட்சி நடந்தது. திராட்சை ரொட்டியும் தேநீரும் தீர்ந்துபோகும் அளவுக்குக் கூட்டம். டில்வெனிடம் வில் சொன்னதைச் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்வாளா? "அட்டை அச்சாகிடுச்சு எல்வின். ஒரு கிழவர் சொல்றதை வச்சு மாத்த முடியாது." சரி, போகட்டும் என்று வந்துவிட்டேன். திறப்புக்கு முதல்நாள் போய்ப் பார்த்தால் படத்துக்குக் கீழே அட்டை இல்லை. அவளேதான் பிய்த்திருக்கிறாள். ஏனென்று கேட்டேன்.

"நேத்து தனியா உக்காந்து அந்த மூஞ்சிங்களப் பாத்தேன். போட்டியில நிக்கிறவங்க மூஞ்சி அப்படி இருக்காது," என்றாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "உங்க அக்காகிட்ட கேட்டு எழுதுங்க. அவங்க சொல்றதை அச்சடிக்கிறேன். எழுத்துப்பிழை இல்லாம எழுதச் சொல்லுங்க," என்றாள்.

பனிக்காலம் முழுக்கப் படங்கள் மன்றச் சுவரிலேயே இருக்கும். அந்த ஒன்றுக்குக் கீழே மட்டும் வெறும் சுவர். என்ன எழுதட்டும்?

தம்பி,
எல்வின்


மோர்வெல்
6 நவம்பர் 1994

அன்புள்ள தம்பி எல்வினுக்கு,

ஊன்றுகோல் வாங்கியது நல்ல காரியம். அதை எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு வராதே. எனக்கு மாத்திரை ஒன்று கூடியிருக்கிறது, வேறு குறை இல்லை.

உன் மேல் கோபம் எதுவும் இல்லை. எழுத உட்காருவேன், படத்தை எடுப்பேன், தேநீர் ஆறிவிடும். எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவேன். இத்தனை மாதமும் இதுதான் நடந்தது.

ஸ்டானுக்கு வழி தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். நல்ல மனதோடுதான் எழுதினாய், தெரியும். ஆனாலும் செத்துப்போனவர் தலையில் அதைப் போடாதே. நான் காட்டிய வழியைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியாது. ஆளில்லாத பாலத்தைப் பார்க்க அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. வேறொன்றும் இல்லை.

அப்பாவின் கடிதங்களை எடுத்து உட்கார்ந்து படித்தேன். கீழ் ரோட்டில் பள்ளம் அடைத்தார்கள். கீழ் ரோட்டுக்குத் தார் போட்டார்கள். பாலத்துக்குப் புதுக் கைப்பிடி. இப்போது வண்டி சுகமாக வரும். கடைசிக் கடிதத்தில்கூட அந்த வரி இருக்கிறது. இதையெல்லாம் ஸ்டானுக்குப் படித்துக் காட்டி நான் சிரித்திருக்கிறேன். மனுஷன் வருஷா வருஷம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், எனக்குத்தான் உறைக்கவில்லை. நன்றாக அழுதேன் எல்வின்.

மே மாதம் வருகிறேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். முள்மரம் பூத்திருக்கும்போது வந்து சேரவேண்டும் என்று நாள் பார்த்து வாங்கினேன். ஸ்டேஷனுக்கு நீ வா. பாலத்து வில்லை அதுவரை உயிரோடு இருக்கச் சொல். ரோடு பிரிகிற இடத்தில் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நீயே கீழ் ரோட்டில் திருப்பு.

படத்துக்குக் கீழே இப்போது எதுவும் எழுதவேண்டாம். வந்து சொல்கிறேன். டில்வெனிடம் சொல், எனக்கு எழுத்துப்பிழை வராது.

கல்யாணத்தன்று காலையில் ஸ்டான் வங்கிக்குப் போய்ச் சில்லறை மாற்றி, துணிப்பையில் கட்டி என் மடியில் வைத்தார், பாலத்தில் வீசுவதற்கு. அது முடிச்சு அவிழாமல் கப்பலேறி இங்கே வந்துவிட்டது. என் தையல் பெட்டியில் கிடக்கிறது. பழைய பென்னி அங்கே இப்போது செல்லாது என்று தெரியும். இருந்தாலும் கொண்டுவருகிறேன். சில்லறை வாங்காமல் அப்பா கயிற்றை இறக்கமாட்டார்.

உன் அக்கா,
நெஸ்டா